வீதி விபத்தைக் குறைக்கக் காசு வந்தால், வன்னியில் முதலில் எதற்குச் செலவழிப்பது?

வெளிநாட்டு ஊர்ச்சங்கமோ, பழைய மாணவர் சங்கமோ, பிரதேச சபை ஒதுக்கீடோ, எந்த வழியில் வந்தாலும், வன்னியில் வீதிப் பாதுகாப்புக்கென்று வரும் காசு பெரும்பாலும் மூன்று இடங்களில் போய் நிற்கிறது: ஒரு விழிப்புணர்வுக் கருத்தரங்கு, நாலைந்து சோலர் லைற், சந்தியில் ஒரு பெரிய பதாகை. மூன்றும் கெட்ட காரியங்கள் அல்ல. ஆனால் அதே காசில் வேறொன்று செய்திருந்தால் இன்னும் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள் என்று கூட்டங்களில் கேட்பவர் குறைவு. அந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கையில் ஐந்து லட்சமோ ஐம்பது லட்சமோ இருக்கிற ஓர் ஊர் அமைப்பு எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்யலாம், எதை அரசாங்கத்தின் தலையில் கட்டிவிட்டுக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம், ஏனென்றால் கணக்கு அங்கேதான் கோணலாகிறது. ஓர் உயிருக்கு எவ்வளவு விலை வைப்பது என்பதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, செத்தவர் உயிரோடு இருந்திருந்தால் எவ்வளவு உழைத்திருப்பார் என்று பார்ப்பது. இந்த முறையில் கொழும்பில் வங்கியில் வேலை செய்பவரின் உயிருக்கு ஒரு தொகை, விசுவமடுவில் கூலிக்குப் போகும் அம்மாவின் உயிருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. வயது போனவர்களுக்கு அநேகமாக ஒன்றுமே இல்லை. இப்படிக் கணக்குப் பார்த்தால் முல்லைத்தீவுக்கு எந்தத் திட்டமும் எந்தக் காலத்திலும் இலாபமாக வராது. இரண்டாவது முறை, நாட்டுக்கு ஒரே தொகையை எல்லோருக்கும் வைப்பது. வீதிகளுக்கு நட்சத்திரத் தரம் போடும் ஐராப் என்ற சர்வதேச அமைப்பு இப்படித்தான் செய்கிறது: தலைக்குரிய மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 70 மடங்கு ஓர் உயிருக்கு, அதன் கால் பங்கு ஒரு பலத்த காயத்துக்கு. இலங்கையில் தலைக்கு ஏறக்குறைய 4,000 டொலர் என்று எடுத்தால் ஓர் உயிர் 2,80,000 டொலர், பலத்த காயம் ஒன்று 70,000 டொலர். கொழும்பானாலும் ஒட்டுசுட்டானானாலும் ஒன்றுதான். யாராவது திட்ட அறிக்கையைக் கொண்டுவந்து "செலவுக்கேற்ற பயன் இல்லை" என்று சொன்னால், எந்த முறையில் உயிரை அளந்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வன்னியில் ஏற்கனவே போரில் காலை இழந்தவர்களும், தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்களும் நிறையப் பேர். அந்த வீட்டில் ஒருவருக்குத் தொடையெலும்பு உடைந்தால் அந்தப் போகம் விதைப்பு இல்லை, நகை அடகுக்குப் போகும், பிள்ளை பாடசாலையை விட்டு நிற்கும். சம்பளக் கணக்கில் இது எதுவுமே வராது.

ஊர் மட்டத்தில் நாங்கள் டொலரில் மாற்றிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. ஓர் உயிரைக் காக்க இந்தத் திட்டத்தில் எத்தனை ரூபா, அந்தத் திட்டத்தில் எத்தனை ரூபா என்று பார்த்தால் போதும். அதற்கு மூன்று கேள்விகள்: இது தொடக்கூடிய சாவு இங்கே வருடத்துக்கு எத்தனை நடக்கிறது, அதில் எவ்வளவு பங்கைக் குறைக்கும், அந்தப் பயன் எத்தனை வருடம் நிற்கும். மூன்றாவதுதான் பெரும்பாலும் விடுபடுகிறது.

இலங்கை முழுவதும் கொரோனாவுக்கு முந்திய ஆண்டுகளில் வருடத்துக்குச் சுமார் மூவாயிரம் பேர் வீதியில் செத்தார்கள். அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்களும் நடந்து போனவர்களும். வன்னியில் இதற்கு மேலே வேறு சில சங்கதிகள் சேர்கின்றன. 2009க்குப் பிறகு, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 நெடுஞ்சாலை, பரந்தன்–முல்லைத்தீவு வீதி, மாங்குளம்–முல்லைத்தீவு வீதி எல்லாம் வழவழப்பான தார் போட்டுக் கார்ப்பெட் ஆகின. குண்டும் குழியுமாக இருந்தபோது ஓட நினைத்தாலும் ஓட முடியாது. இப்போது அதே வீதியில் யாழ்ப்பாணம் போகும் சொகுசு பஸ்ஸும், மணல் டிப்பரும், சைக்கிளில் ரியூசன் போகும் பிள்ளையும், நெல் ஏற்றிய உழவு இயந்திரமும், மழை நாளில் தார் சூட்டுக்குப் படுத்துக்கிடக்கும் மாடும் ஒன்றாக இருக்கிறார்கள். சந்தியை விட்டு ஒரு கிலோமீற்றர் தள்ளினால் வெளிச்சம் கிடையாது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர் போகும் விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார அமைப்பு சொல்வது. மணிக்கு 50 கிலோமீற்றரில் அடிபடும் பாதசாரியை விட 65இல் அடிபடுபவர் சாகும் வாய்ப்பு நாலரை மடங்கு. ஆக எங்களுக்கு மூன்று எதிரிகள்: வேகம், இருட்டு, மூடாத தலை. இந்த மூன்றில் ஒன்றையும் தொடாத திட்டத்துக்குக் காசு கொடுக்க எனக்கு மனம் வராது.

இருட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சோலர் லைற்றுக்குத்தான் எல்லோரும் முதலில் கை தூக்குகிறார்கள்.

மணிக்கு 70 கிலோமீற்றரில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 19 மீற்றர் ஓடுகிறது. முன்னால் ஏதோ இருக்கிறது என்று மூளைக்குப் பட்டு, கை பிரேக்கில் இறுக ஒன்றரை விநாடி போனால், அதற்குள் 29 மீற்றர் போய்விட்டது. பிறகு நின்று முடிய இன்னொரு 28 மீற்றராவது வேண்டும், அதுவும் நல்ல ரயரும் காய்ந்த வீதியும் என்றால். மொத்தம் 55–60 மீற்றர். எதிர்ப்பக்கம் வாகனம் வருவதால் லைற்றைத் தாழ்த்தி ஓடும்போது கறுப்பு நிறப் பொருள் கண்ணுக்குப் படுவது முப்பது நாற்பது மீற்றரில்தான். அறுவடைக் காலத்தில் புதுக்குடியிருப்புப் பக்கமோ முழங்காவில் பக்கமோ போகும் உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியின் (ட்ரெய்லரின்) பின்பக்கத்தைப் பாருங்கள். துருப்பிடித்த இரும்புப் பலகை, அதன்மேல் காய்ந்த சேறு, சாக்குக்கு மேலே தொங்கும் வைக்கோல். பின்லைற் இல்லை, இருந்தாலும் வயர் அறுந்திருக்கும். அதற்குப் பின்னால் வருபவன் பிரேக் பிடிக்கும்போது கணக்கு ஏற்கனவே முடிந்துவிட்டது. அதே பெட்டியில் ஒளி தெறிக்கும் சிவப்பு–வெள்ளை ரேப் (ஒட்டுநாடா) ஒட்டியிருந்தால் அது 150 மீற்றருக்கு அப்பாலேயே மின்னும். நிறுத்த இடம் கிடைத்துவிடும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் வைக்கும் தொகைகள், உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள். 15 கிலோமீற்றர் வீதி, அதைப் பாவிக்கும் 300 உழவு இயந்திரப் பெட்டிகள். வருடத்துக்கு ஓர் உயிர் இரவில் பெட்டியின் பின்னால் மோதிப் போகிறது என்று வையுங்கள். ஒரு பெட்டிக்கு ரேப், ஒட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 2,500 ரூபா என்றால் மொத்தம் 7,50,000 ரூபா. ரேப் மூன்று வருடம் நிற்கும், சாவில் மூன்றில் ஒன்றைத்தான் குறைக்கும் என்று கஞ்சத்தனமாகவே எடுத்தாலும், மூன்று வருடத்தில் ஓர் உயிர். அதாவது உயிருக்கு ஏழரை லட்சம்.

அதே ஏழரை லட்சத்துக்கு, கம்பம் ஒன்று ஒன்றரை லட்சம் என்றால், ஐந்து சோலர் லைற் போடலாம். அது ஏறக்குறைய 200 மீற்றருக்கு வெளிச்சம் தரும். 15 கிலோமீற்றரில் 200 மீற்றர் என்பது எழுபத்தைந்தில் ஒரு பங்கு. அந்த இடத்தில் சாவைப் பாதியாகக் குறைத்தாலும் மூன்று வருடத்தில் ஓர் உயிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். உயிருக்கு மூன்றே முக்கால் கோடி. ஐம்பது மடங்கு வித்தியாசம். காரணம் லைற்றின் தரத்தில் இல்லை. லைற் நின்ற இடத்திலேயே நிற்கிறது, ரேப் வண்டியோடு கூடவே போகிறது, அவ்வளவுதான்.

இதற்காக லைற்றே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பஸ் வந்து நிற்கும், கடைகள் இருக்கும், சனம் குறுக்கே நடக்கும் ஒரு சந்தியில், அல்லது முறிகண்டி மாதிரி எல்லா வாகனமும் நின்று சனம் இறங்கித் தேங்காய் உடைக்கும் இடத்தில், சாவும் காயமும் அந்த 200 மீற்றருக்குள்ளேயே குவிந்திருக்கும். அங்கே லைற்றுக்குக் கொடுக்கும் காசு வேறு கணக்கு. ஆனால் பற்றறி மாற்றும் காசையும் அன்றைக்கே ஒதுக்கி வையுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் பற்றறி தளர்ந்த பிறகு கம்பம் மட்டும் நிற்கும், பிரதேச சபை தன்னிடம் பாரம் தரவில்லை என்று சொல்லும், சங்கம் அடுத்த திட்டத்துக்குப் போயிருக்கும்.

ரேப் ஒட்டுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. பெட்டியின் பின் பலகையில் உயரமாக ஒட்டினால் வைக்கோல் தொங்கி மூடிவிடும், பலகையைத் திறந்து கீழே விட்டால் தலைகீழாகிவிடும். பலகைக்குக் கீழே, சட்டத்தின் குறுக்கு இரும்பில் ஒட்ட வேண்டும், இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு துண்டு கட்டாயம், அப்போதுதான் பெட்டியின் அகலம் தெரியும். சேறும் எண்ணெயும் பிடித்த இரும்பைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, கழுவி, காயவிட்டு ஒட்டாவிட்டால் முதல் மழைக்கே உரிந்து போகும். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒட்டச் சொல்லி ரேப்பைக் கையில் கொடுத்தால் பாதி அலுமாரிக்குள் கிடக்கும். நெல் கொள்வனவு செய்யும் இடத்திலோ கமநல சேவை நிலையத்திலோ வண்டி வரிசையில் நிற்கும்போதே இரண்டு பெடியங்களை விட்டு ஒட்டுவித்தால் ஒரு கிழமையில் முடியும். கையிருப்பில் மிச்சம் இருந்தால் பாடசாலைச் சைக்கிள்களின் பின் மட்கார்டுக்கும் பெடலுக்கும்.

மாடுகளுக்குக் கழுத்துப் பட்டி போடும் யோசனையும் அடிக்கடி வருகிறது. சிலவு குறைவு, ஆனால் பட்டி புதரில் சிக்கி அறுந்து போகும். மாட்டுப் பிரச்சினையின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. காலபோகத்தில் வயலெல்லாம் விதைத்த பிறகு மாட்டுக்குப் போக இடமில்லை, மேய்ச்சல் தரவைகள் கைமாறிப் போய்விட்டன. மழைக்காலத்தில் காய்ந்து சூடாக இருக்கும் ஒரே இடம் வீதிதான். கட்டாக்காலி மாட்டைப் பிடித்துத் தண்டம் விதிக்கும் அதிகாரம் பிரதேச சபைக்கு இருக்கிறது. அதைச் செய்யட்டும், தரவைக்கு இடமும் ஒதுக்கட்டும். பட்டிக்கு ஊர்க்காசு போடுவதை நான் இரண்டாம் வரிசையில்தான் வைப்பேன்.

அடுத்தது வேகம். இங்கே மோதுவது இரண்டு யோசனைகள்: சந்திக்குச் சமிக்ஞை விளக்கா, அல்லது சந்திக்கு முன்னால் குறுக்கே தடித்த கோடுகளா? குறுக்குக் கோடு என்று நான் சொல்வது உயரமான வேகத்தடையை அல்ல. தார் மட்டத்திலிருந்து சில மில்லிமீற்றர் மட்டும் எழும்பி நிற்கும் வெள்ளைக் கோடுகளின் கூட்டம், சில்லு ஏறும்போது கடகடவென்று அதிரும். கானாவில் அக்ரா–குமாசி நெடுஞ்சாலையில் சுஹும் சந்தியில் இப்படிப் போட்டார்கள். விபத்து 35 சதவீதமும், சாவு 55 சதவீதமும் குறைந்தது. எங்கள் ஏ9 மாதிரியே ஊருக்கு நடுவால் போகும் நெடுஞ்சாலை அது, அதனால்தான் இந்த உதாரணத்தை எடுக்கிறேன். ஐந்து வருடத்தில் இரண்டு பேர் செத்த ஒரு சந்தியில் நாலு லட்சத்துக்கு இதைப் போட்டு, நாலு வருடம் நின்று, சாவைப் பாதியாக்கினால், உயிருக்கு ஐந்து லட்சம். சமிக்ஞை விளக்கு பல மடங்கு சிலவு, மின்கட்டணம், பராமரிப்பு, அதற்கு மேல் இரவு பத்து மணிக்கு வெறும் சந்தியில் சிவப்புக்கு யார் நிற்கப் போகிறார்கள்? கிளிநொச்சி, வவுனியா மாதிரி நகரத்துக்குள் வாகனம் நெரியும் இடத்தில் விளக்குத்தான் சரி. கிராமச் சந்திக்கு அது தேவையில்லாத பெருஞ்சிலவு.

கோடு போடுவதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. ஓரத்தில் ஒரு முழமாவது இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் சைக்கிள்காரர் அதிர்வைத் தவிர்க்க நடு வீதிக்கு வருவார். பெயின்ற் வழுக்காததாக இருக்க வேண்டும், மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கினால் நாங்களே ஒரு விபத்தை உண்டாக்கியவர்கள் ஆவோம். வீட்டு வாசலுக்கு முன்னால் போட்டால் இரவு முழுக்கச் சத்தம், அந்த வீட்டுக்காரர் ஒரு மாதத்தில் சுரண்டி எடுத்துவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஏ9 போன்ற பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில், மாகாண வீதி மாகாணத் திணைக்களத்தின் கையில், உள்வீதி பிரதேச சபையின் கையில். அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. சில ஊர்களில் சனமே சீமெந்தைக் குழைத்து வீதிக்குக் குறுக்கே மேடு கட்டிவிடுகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஊரின் கோபம் அது, எனக்கு விளங்குகிறது. ஆனால் பெயின்ற் இல்லாத, பலகை இல்லாத அந்த மேட்டில் இரவில் மோட்டார் சைக்கிளோடு தூக்கி எறியப்படுபவரும் இன்னொரு வீட்டின் பிள்ளைதான்.

எந்தச் சந்தி என்று தெரிவதில் ஒரு பொறி இருக்கிறது, இதைக் கவனிக்காவிட்டால் முழுக் கணக்கும் பொய்யாகிவிடும். ஒரு சந்தியில் இந்த வருடம் மூன்று பேர் செத்தால் எல்லோருடைய கண்ணும் அங்கே போகும், உடனே ஏதாவது செய்வோம், அடுத்த வருடம் ஒருவரும் சாகமாட்டார், திட்டம் வெற்றி என்று படம் எடுத்துப் போடுவோம். உண்மையில் ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலும் அடுத்த வருடம் குறைந்திருக்கும், ஏனென்றால் மூன்று என்பது கெட்ட காலத்தில் குவிந்த எண்ணிக்கை, அந்தச் சந்தியின் வழமை அல்ல. அதனால் குறைந்தது ஐந்து வருடத் தரவு பாருங்கள். பொலிஸ் பதிவோடு நிற்காமல் வைத்தியசாலை விபத்துப் பிரிவிலும் கிராம அலுவலரிடமும் கேளுங்கள், சின்ன விபத்துகள் பொலிஸுக்குப் போவதே இல்லை. திட்டம் செய்யாத இன்னொரு ஒத்த சந்தியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, தலை. மோட்டார் சைக்கிள் ஓடுபவருக்கு ஹெல்மெட் சாவின் வாய்ப்பை ஏறக்குறைய 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வந்த முடிவு இது, மருத்துவத்தில் இவ்வளவு மலிவான மருந்து கிடைப்பது அரிது. சரி, அப்படியென்றால் 300 ஹெல்மெட் வாங்கி இலவசமாகக் கொடுத்துவிடலாமே? கொஞ்சம் பொறுங்கள். எங்கள் ஆட்களிடம் ஹெல்மெட் இல்லை என்பதில்லை. ஏ9இல் ஏறும்போது போடுகிறார்கள், உள்வீதிக்கு இறங்கியதும் கைப்பிடியில் மாட்டுகிறார்கள். போட்டாலும் நாடிப்பட்டி பூட்டுவதில்லை, அடிபடும்போது ஹெல்மெட் ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கம். பின்னால் இருக்கும் மனைவிக்கு ஒன்று கிடைத்தாலும், நடுவில் இருக்கும் பிள்ளைக்கு அநேகமாக எதுவும் இல்லை. ஏற்கனவே வைத்திருப்பவருக்கு இன்னொன்று கொடுத்தால் அந்தக் காசு ஓர் உயிரையும் காக்காது. அதனால் ஊர்க்காசில் ஹெல்மெட் வாங்குவதென்றால் பிள்ளைகளின் அளவுக்கு, எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரை உள்ளதாக, பாடசாலை வழியாக, வாசலில் இறக்கும்போது பட்டி பூட்டியிருக்கிறதா என்று ஆசிரியர் பார்க்கும் ஒழுங்கோடு. அதில் ஒவ்வொரு ரூபாவும் வேலை செய்யும்.

பெரியவர்களைப் போடவைப்பது பொலிஸின் வேலை. வியட்நாம் 2007 டிசம்பரில் எல்லா வீதியிலும் ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டம் கொண்டுவந்து அதைக் கடுமையாக நடைமுறைப்படுத்தியது. அணிபவர்கள் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டினார்கள், விபத்தில் சாகும் ஆபத்து 18 சதவீதம் குறைந்தது. உகண்டாவில் நாலு பெரிய வீதிகளில் ரோந்தை அதிகரித்தபோது சாவு 17 சதவீதம் குறைந்தது, ஓர் உயிருக்கு ஆன சிலவு வெறும் 603 டொலர். கருத்தரங்கை விட, விளக்கை விட, எதை விடவும் மலிவு. ஆனால் இதை ஊர்ச்சங்கம் காசு கொடுத்துச் செய்யவும் முடியாது, செய்யவும் கூடாது. எங்கள் இடத்தில் பொலிஸ் மறிக்கும் இடமும் நேரமும் எல்லோருக்கும் தெரியும், அதைத் தாண்டியதும் பழைய வேகம். தண்டம் எழுதுவதற்குப் பதில் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்ற எண்ணம் இருக்கும்வரை அச்சமும் இருக்காது, மரியாதையும் இருக்காது. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் நாங்கள் கேட்க வேண்டியது இதுதான்: மாலை ஆறு மணிக்குப் பிறகு, உள்வீதிகளில், நேரத்தை மாற்றி மாற்றி, தமிழ் பேசக்கூடிய அலுவலரோடு சோதனை.

கருத்தரங்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பாடசாலை மட்டத்தில் ஓட்டுநர் கல்வி கொடுத்த நாடுகளில் அதை ஆராய்ந்தபோது விபத்து குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. சிறுவர்கள் முன்னதாகவே லைசென்ஸ் எடுத்து வீதிக்கு வந்ததுதான் நடந்தது. பொலிஸ் சோதனை தொடங்கப் போகிறது என்று அறிவிக்க ஒரு கூட்டம் வைப்பது வேறு, அது பயன் தரும். ரீசேட்டும் சிற்றுண்டியும் பதாகையும் என்று இரண்டு லட்சம் போனால், அந்த இரண்டு லட்சத்தில் எண்பது பெட்டிக்கு ரேப் ஒட்டியிருக்கலாம்.

பஸ்ஸுக்கு ஒரு நல்ல யோசனை கென்யாவில் இருக்கிறது, எங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன். அங்கே மினிபஸ்களுக்குள், ஓட்டுநர் கண்டபடி ஓடினால் வாய் திறந்து சொல்லுங்கள் என்று பயணிகளைத் தூண்டும் ஸ்ரிக்கர்களை ஒட்டினார்கள். பெரிய அளவில் செய்து பார்த்தபோது காப்புறுதிக் கோரிக்கைகள் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை குறைந்தன. ஸ்ரிக்கரைக் கிழிக்காமல் வைத்திருக்கும் ஓட்டுநர்களுக்குக் குலுக்கலில் பரிசும் கொடுத்தார்கள். வவுனியா–யாழ்ப்பாணம் ஓட்டத்தில் தனியார் பஸ்ஸும் அரசின் இ.போ.ச. பஸ்ஸும் அடுத்த தரிப்பிடத்துச் சனத்துக்காகத் துரத்திக்கொண்டு ஓடும்போது உள்ளே இருக்கும் ஐம்பது பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்போம். யாராவது ஒரு அம்மா "தம்பி, ஆறுதலாப் போங்கோ" என்று சொன்னால் உடனே நாலு குரல் சேரும். அந்த முதல் குரலுக்குத் துணையாக ஒரு ஸ்ரிக்கர், உரிமையாளரின் தொலைபேசி இலக்கத்தோடு. சிலவு ஸ்ரிக்கர் அடிக்கிற காசுதான், பஸ் சங்கங்கள் சம்மதித்தால்.

புகையிரதக் கடவை பற்றிப் பேசாமல் வன்னியில் இந்தக் கட்டுரை முடியாது. 2013இல் கிளிநொச்சி வரைக்கும், 2014இல் யாழ்ப்பாணம் வரைக்கும் ரயில் திரும்ப வந்தது, ஆனால் ஏ9இலிருந்து ஊருக்குள் இறங்கும் எத்தனையோ பாதைகளில் கதவு இல்லை. பல கடவைகளைக் காத்தவர்கள் மாதம் 7,500 ரூபாவுக்கு வேலை செய்து, அதற்காகப் போராட்டமும் நடத்தியவர்கள். உயிருக்கு எத்தனை ரூபா என்று பார்த்தால், நாளுக்குச் சில ரயில்கள் மட்டும் போகும் இடத்தில் மூன்று நேரமும் ஆள் போடுவது மற்றவற்றை விடச் சிலவு கூடியதாகத்தான் வரும். ஆனாலும் இது கணக்கால் மட்டும் முடிவு செய்யக்கூடிய விஷயம் அல்ல: ஒரு பாடசாலை வான் ஏறினால் ஒரே நிமிடத்தில் ஓர் ஊரின் பிள்ளைகள் போய்விடுவார்கள். தண்டவாளத்தைப் போட்டது அரசு, கதவும் சம்பளமும் அரசின் கடமை. நாங்கள் செய்யக்கூடியது, மழைக்குப் பிறகு இருபக்கமும் வளரும் பற்றையைச் சிரமதானமாக வெட்டுவது, ரயில் வருவது தூரத்திலேயே தெரியும்படி. அதற்குக் காசே தேவையில்லை, புகையிரதத் திணைக்களத்துக்குச் சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அடிபட்ட பிறகு நடப்பதிலும் உயிர் தங்கியிருக்கிறது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2018இலிருந்து வடக்கிலும் இலவசமாக ஓடுகிறது. ஆனால் தலையில் பலத்த அடி என்றால் இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோதான் கொண்டு போகிறார்கள், முல்லைத்தீவுக்காரருக்கு அது நீண்ட வழி. சந்தியில் நிற்கும் ஆட்டோக்காரர்களுக்கு இரத்தத்தை எப்படி அழுத்தி நிறுத்துவது, கழுத்தை அசைக்காமல் எப்படித் தூக்குவது என்று ஒரு நாள் பயிற்சி கொடுப்பது மலிவான, நல்ல காரியம். அடிபட்டவரைக் கையிலும் காலிலும் பிடித்து ஆட்டோவுக்குள் மடித்து ஏற்றுவதை எத்தனை தரம் பார்க்கிறோம்.

ஆக, ஐந்து லட்சம் இருந்தால் என் முடிவு முழுக்க ரேப்பும் பிள்ளைகளின் ஹெல்மெட்டும், ரேப்புக்குக் கூடுதல் பங்கு. ஐம்பது லட்சம் இருந்தால் அதோடு தரவு பார்த்துத் தேர்ந்த ஐந்தாறு சந்திகளுக்குக் குறுக்குக் கோடுகள், பஸ் ஸ்ரிக்கர், ஆட்டோக்காரர் பயிற்சி, சனம் கூடும் ஓரிரு இடங்களில் மட்டும் லைற், எல்லாவற்றுக்கும் பராமரிப்புக்கென்று ஐந்தில் ஒரு பங்கு வங்கியில். கோடிக்கணக்கில் வந்தாலும் ஏ9க்கு ஓரமாகச் சைக்கிள் ஒழுங்கை போடும் வேலையை ஊர்ச்சங்கம் தொடக்கூடாது. மலேசியாவில் மோட்டார் சைக்கிளுக்குத் தனி ஒழுங்கை போட்டு விபத்தைக் குறைத்திருக்கிறார்கள், எங்களுக்கும் அது வேண்டும், ஆனால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் திட்டத்துக்குள் போக வேண்டிய வேலை. அதற்கான வாதத்தை, எங்கள் ஐந்து வருடத் தரவோடு, எழுத்தில் கொடுக்கலாம்.

காலபோக அறுவடை தொடங்கினால் பெட்டிகள் எல்லாம் இரவில் வீதிக்கு வந்துவிடும், ஆகவே ரேப் தை பிறக்கும் முன் கைக்கு வந்திருக்க வேண்டும். குறுக்குக் கோட்டுக்கு அனுமதி கேட்கும் கடிதத்துக்குப் பதில் வர மாதக் கணக்காகும், அதை இன்றைக்கே எழுதுங்கள், சந்தியின் பெயர், ஐந்து வருடத்தில் நடந்த விபத்துகளின் திகதி, நேரம், எந்த வாகனம் என்ற விபரத்தோடு. பிரதி ஒன்று பிரதேச செயலாளருக்கும், ஒன்று பிரதேச சபைத் தவிசாளருக்கும்.